ஓர் ஆளுக்கான அளவு

ஜப்பானிய உணவகங்களில், அடுப்பில் சட்டியை வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் 'நாபே' போன்ற பதார்த்தங்களுக்குப் பக்கத்தில் 'இச்சினின்மயே' என்று போட்டு விலை எழுதியிருப்பார்கள். ஓர் ஆள் சாப்பிடும் அளவு என்று பொருள். வளர்ந்து ஆளான மனிதனுக்கும் இதே சொல்தான். தச்சு வேலை பழகும் பையன் இன்னும் தேறவில்லை என்றால் ஆசான் அவனை 'ஹன்னின்மயே' என்பார். அரை ஆள், பாதிப் பரிமாறல். ஆக, ஆள் ஆவது என்பது ஓர் அளவை எட்டுவது. அளவென்றால் ஒரு கோல் வேண்டும், அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

ஜப்பானிய ஆண்களைப் பற்றி வெளியில் ஓடும் பேச்சு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சாமுராய்களாக வாள் பிடித்தவர்கள், இன்று புருவம் திருத்தி முகத்துக்கு கிரீம் பூசுகிறார்கள், மெலிந்து மென்மையாகிவிட்டார்கள் என்று. இந்தக் கதை எனக்கு ஒப்பவில்லை. பளபளப்பான இளைஞன் அங்கே நேற்று முளைத்தவன் இல்லை. விறைப்பான சிப்பாய் உடம்புதான் நடுவில் வந்து ஒரு எழுபது வருடம் தங்கிவிட்டுப் போனது. அதனால் நான் பார்க்க விரும்புவது கோலைப் பிடித்திருந்த கைகளை. அந்தந்தக் காலத்தில் யாருக்கு என்ன வேலை ஆக வேண்டியிருந்ததோ, அதற்கேற்ற உடம்புக்குத்தான் 'முழு ஆள்' என்ற முத்திரை கிடைத்தது.

முதலில் கத்தி. சாமுராய்க் குடும்பத்துப் பையன்களுக்கு ஏறக்குறைய பதினைந்து வயதில் 'கெம்புக்கு' என்ற சடங்கு நடக்கும். அதுவரை நெற்றிக்கு மேல் விட்டிருந்த முன்முடியை எடுத்து, உச்சந்தலையைச் சிரைத்து, மீதியைக் குடுமியாக முடிவார்கள். அதற்கு முன்பே, நெற்றியின் இரு மூலைகளிலும் முடியைக் கொஞ்சம் சதுரமாக வெட்டிவிட்டு 'அரைக் கெம்புக்கு' என்று ஒரு நிலையும் வைத்திருந்தார்கள். தெருவில் போகிற பையனின் நெற்றியைப் பார்த்தே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். பெயரும் மாறும். பின்னாளில் நாட்டையே ஆண்ட தொகுகவா இயேயாசு சிறுவயதில் தகேச்சியோ. 1555-ல் சடங்கு முடிந்ததும் மோதொனோபு. அந்த 'மோதோ' அவரைப் பணயமாக வைத்திருந்த இமகவா யோஷிமோதோ தன் பெயரிலிருந்து கிள்ளிக் கொடுத்தது. ஆள் ஆன அன்றே யாருடைய ஆள் என்பதும் பெயரில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று பெண்களின் உடையாக மட்டும் பார்க்கப்படும் நீண்ட கைத் தொங்கல் வைத்த 'ஃபுரிசோதே' கிமோனோவை, 'எதோ' காலத்தில், அதாவது தொகுகவா வம்சம் ஆண்ட 1603 முதல் 1868 வரையான காலத்தில், சடங்குக்கு முந்திய பையன்களும் உடுத்தினார்கள். நாகரிகம், நளினம், நல்ல துணி எல்லாம் இளம் ஆணுக்கும் உரியவையாகவே இருந்தன.

கிராமத்தில் கத்திக்குப் பதில் மூட்டை. நான்கு 'தோ' அரிசி அடைத்த வைக்கோல் மூட்டை ஏறக்குறைய 60 கிலோ. அதைத் தூக்கித் தோளில் போடத் தெரிந்தவன் முழு ஆள், அவனுக்கு முழுக் கூலி. பல ஊர்களில் கோயில் முற்றத்தில் 'சிகரா-இஷி' எனப்படும் இளவட்டக்கல் கிடக்கும். எடையைக் கல்லிலேயே வெட்டி வைத்திருப்பார்கள், இன்றும் பார்க்கலாம். தூக்கினால் இளைஞர் குழுவில் சேரலாம். கடுமைதான், ஆனால் இதில் ஒரு நேர்மை இருந்தது. ஊருக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும், அதனால் மூட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோள் அகலம் எத்தனை என்று யாரும் நாடா பிடிக்கவில்லை.

நாடா வந்தது 1873-ல். அந்த வருடமும் அதற்கு முந்திய இரண்டு வருடங்களும் ஜப்பானிய ஆணின் உடம்பைப் புரட்டிப் போட்டவை. 1871-ல் குடுமியை எடுக்கலாம், வாள் இல்லாமல் நடக்கலாம் என்று அரசாணை. 1872-ல் தோக்கியோவில் தெருவில் வெற்றுடம்போடு திரிந்தால் அபராதம். கோவணத்தோடு வண்டி இழுத்தவர்களையும் கூலி வேலை செய்தவர்களையும் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து முகம் சுளிப்பார்களே என்ற கவலை அதில் பெரும்பங்கு. 1873 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். அதே ஆண்டு மார்ச்சில் மெய்ஜி பேரரசரே முடியை வெட்டிக்கொண்டார். தெருவில் உடம்பை மூடச் சொன்ன அரசு, அடுத்த வருடமே இருபது வயது ஆண்களை ஒரு கூடத்தில் நிறுத்தி உரிக்கச் சொன்னது.

அந்தச் சட்டத்துக்குச் சற்று முன்பு வெளியான அறிவிப்பில் ராணுவச் சேவையை 'ரத்த வரி' என்று எழுதியிருந்தார்கள். ஐரோப்பியச் சொல்லாட்சியை அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு. நிஜமாகவே ரத்தத்தை உறிஞ்சப்போகிறார்கள் என்று வதந்தி பரவி, மேற்கு ஜப்பானில் பல இடங்களில் விவசாயிகள் கலவரத்தில் இறங்கினார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் விவசாயி தவறாகப் புரிந்துகொண்டார் என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

முதல் சட்டத்தின்படி ஐந்து ஷாக்கு ஒரு சுன், அதாவது சுமார் 154.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு. அதன் பிறகு தரம் பிரித்தல் நுட்பமானது. கோ, ஓட்சு, ஹெய், தெய், போ என்று ஐந்து வகை. பள்ளித் தேர்வுத் தாளில் போடுவது போல. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலோ பொதுக் கூடத்திலோ கோவணத்தோடு வரிசையில் நின்று உயரம், எடை, மார்பளவு, கண்பார்வை என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். பால்வினை நோய்க்கும் மூலத்துக்கும் கோவணத்தையும் அவிழ்க்க வேண்டும். கடைசியில் அதிகாரி தரத்தைச் சொல்வார், பையன் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கோ' வாங்கியவன் வீட்டில் விருந்து. அமைதிக் காலத்தில் அவர்களிலும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றாலும், அந்த எழுத்து கூடவே வந்தது. 'ஹெய்' என்று கேட்டவன் தலை குனிந்து வீடு திரும்பினான். கெம்புக்குச் சடங்கும் கோயில் கல்லும் செய்துவந்த வேலையை இந்த வரிசை எடுத்துக்கொண்டது. 1876-ல் சட்டப்படி ஒருவன் வயதுவந்தவன் ஆகும் வரம்பும் இருபது என்று ஆனது.

இந்த வரிசையில் நின்ற ஒருவரைப் பற்றி உலகத்துக்கே தெரியும். எழுத்தாளர் மிஷிமா யுகியோ. 1944-ல் பத்தொன்பது வயதில் பரிசோதனைக்குப் போகிறார். தோக்கியோவில் வளர்ந்த பையன், ஆனால் குடும்பத்தின் சொந்த ஊர்ப் பதிவு இருந்த ஹ்யோகோ மாநிலத்து ககொகவாவுக்கு அவரை அனுப்பினார்கள். கிராமத்து முரட்டுப் பையன்களுக்கு நடுவில் இந்த நோஞ்சான் நின்றால் தேறமாட்டான் என்று அப்பாவின் கணக்கு. தன் வாழ்க்கையை ஒட்டி எழுதிய நாவலில் அவரே இந்தக் காட்சியை வைத்திருக்கிறார்: விவசாயி வீட்டுப் பையன்கள் மூட்டையைச் சளைக்காமல் திரும்பத் திரும்பத் தூக்க, கதை சொல்பவனால் மார்புவரைகூடக் கொண்டுவர முடியவில்லை, அதிகாரிகள் சிரிக்கிறார்கள். பழைய கிராமத்து மூட்டை ராணுவக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டதைப் பாருங்கள். இருந்தும் 'ஓட்சு' கொடுத்துத் தேற்றிவிட்டார்கள், போருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1945 பிப்ரவரியில் அழைப்பு வந்தபோது அவருக்குக் காய்ச்சலும் சளியும். ராணுவ மருத்துவர் நுரையீரல் நோய் என்று நினைத்து அன்றே திருப்பி அனுப்பினார். பத்து வருடம் கழித்து, 1955-ல், முப்பது வயதில் அவர் பளு தூக்க ஆரம்பித்தார். அப்புறம் செத்துப் போகும்வரை விடவில்லை. அவருடைய அரசியலும் 1970 நவம்பர் சாவும் தனிக் கதை. ஆனால் அந்த உடம்பைக் கட்டிய கதையில் ககொகவா மூட்டைக்கு இடமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

போர் முற்ற முற்ற அளவுகோலும் வளைந்தது. 1943 முடிவில் அழைக்கும் வயதை இருபதிலிருந்து பத்தொன்பதாக இறக்கினார்கள். உடல் தகுதியும் தளர்ந்தது. முன்பு கழித்து விட்டவர்களையும் கூப்பிட்டார்கள். ஒரு பையன் திடீரென்று ஒரு வருடம் முன்கூட்டியே ஆண் ஆகிவிட்டானா? ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான்.

1945-ல் அந்தக் கூடம் மூடப்பட்டது. 1946 நவம்பரில் சைதாமா மாநிலத்து வராபி என்ற சிற்றூரில், துவண்டு கிடந்த இளைஞர்களைத் தேற்றுவதற்காக ஒரு விழா நடத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் 'வயதுக்கு வந்தோர் நாள்' தேசிய விடுமுறையானது; முதல் நாள் 1949 ஜனவரி 15. இப்போது ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை. இளைஞர்கள் உடை உடுத்தி மண்டபத்தில் உட்கார்ந்து நகரத் தலைவர் பேசுவதைக் கேட்கிறார்கள். யாரும் யாரையும் அளப்பதில்லை. சட்டப்படி வயதுவந்தவர் ஆகும் வரம்பு 2022 ஏப்ரல் முதல் பதினெட்டு. ஆனாலும் பெரும்பாலான ஊர்கள் விழாவை 'ஹதாச்சி' என்ற இருபதிலேயே வைத்துக்கொண்டன. மதுவும் சிகரெட்டும் இன்னும் இருபதில்தான். தவிர, பதினெட்டு என்றால் கல்லூரி நுழைவுத் தேர்வுக் காலம், கிமோனோ வாடகைக்கு எடுக்க யாருக்கு நேரம்? கித்தக்யூஷு நகரத்துப் பையன்கள் மட்டும் ஒவ்வொரு வருடமும் தங்கமும் ஊதாவுமாக மின்னும் ஹகாமா உடுத்தி, கொண்டையைக் கோபுரமாக நிறுத்தி வந்து செய்தித்தாளில் இடம் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ பழைய சடங்குக்கு இன்று மிச்சமிருக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்று தோன்றும். தலைமுடியை வைத்து 'நான் ஆள் ஆகிவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்கிறார்களே.

மண்டபத்து விழா அலங்காரம்தான். நிஜமான முத்திரையைப் போட்டது கம்பெனி. ஜப்பானிய மொழியில் 'ஷகாய்ஜின்' என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'சமூக மனிதன்'. நடைமுறையில் வேலைக்குப் போகிறவன் என்று பொருள். கல்லூரி மாணவனுக்கு இருபத்திரண்டு வயது ஆனாலும் அவன் ஷகாய்ஜின் இல்லை. ஏப்ரல் முதல் தேதி கறுப்பு சூட் போட்டு கம்பெனி வரவேற்பு விழாவில் நின்றுவிட்டால் ஆகிவிட்டான். கம்பெனிக்கு வேண்டியது வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆள். உடம்பு சூட்டுக்குள் போய்விட்டது. தொப்பை இருக்கலாம், முன்தலை ஏறலாம். மாதச் சம்பளம் வருகிறதா, வீட்டுக்கு அவன் நடுத்தூணா என்பதுதான் கேள்வி. ஆண் உடம்பு ஓரளவு ஓய்வெடுத்த காலம் இது.

முழு ஓய்வு என்று சொல்ல முடியாது. பொருள் விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? 1970-ல் ஓசகாவின் தான்சோ என்ற கம்பெனி, ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனை முகவாயைத் தடவ வைத்து 'மாண்டம்' என்ற ஆண்கள் வாசனைப் பொருளை விற்றது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனதில் கம்பெனியே அடுத்த வருடம் தன் பெயரை மாண்டம் என்று மாற்றிக்கொண்டது. எண்பதுகளின் முடிவில், பணம் புரண்ட காலத்தில், கல்யாணச் சந்தையில் 'சான்கோ' என்ற சொல் வந்தது. மூன்று உயர்வு: உயர்ந்த படிப்பு, உயர்ந்த வருமானம், உயர்ந்த உடம்பு. முதல் இரண்டுக்கும் உழைக்கலாம். மூன்றாவதற்கு?

அதே காலத்தில்தான் ஆண்கள் பத்திரிகைகளின் பின்பக்கங்களை அழகுசிகிச்சை விளம்பரங்கள் நிரப்பின. ஓர் இளைஞன் ஸ்வெட்டரின் உயரக் கழுத்தை மேலே இழுத்து வாய்வரை மூடியிருப்பான். முன்தோலை நீக்கும் அறுவைக்கான விளம்பரம் அது. சாதாரண நிலையில் முன்தோல் மூடியிருப்பது நோயே இல்லை. அதற்கு 'போலி முன்தோல் இறுக்கம்' என்று மருத்துவப் பெயர் போலத் தொனிக்கும் ஒரு பெயர் வைத்து, பெண்கள் வெறுப்பார்கள், அசிங்கம், இன்னும் பையன்தான் என்றெல்லாம் பயமுறுத்தினார்கள். பொதுக் குளியலறையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து வளரும் நாட்டில், சிறு துண்டை முன்னால் பிடித்தபடி நடக்கும் ஆண்களிடம் இந்தப் பயம் எளிதாக ஒட்டிக்கொண்டது. 2016-ல் தேசிய நுகர்வோர் விவகார மையம் இந்த அறுவை பற்றி வந்த புகார்களைத் தொகுத்து எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ராணுவக் கூடம் மூடி எழுபது வருடம் ஆன பின்னும், கோவணத்தை அவிழ்த்துத் தரம் கேட்டு நிற்கும் அந்த வரிசை கலையவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஆள்தான் மாறியிருந்தார்.

1990-களில் பொருளாதாரம் சரிந்தது. 1990-ல் ஊழியர்களில் ஐந்தில் ஒருவர்தான் நிரந்தரமில்லாத வேலையில். 2019-ல் 38 சதவீதம். ஐம்பது வயதுவரை கல்யாணமே ஆகாத ஆண்கள் 1990-ல் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்தார்கள், 2020-ல் 28 பேர். கம்பெனி முத்திரை கிடைக்காத ஆண் எதைக் காட்டி 'நான் முழு ஆள்' என்பான்? 2006-ல் கட்டுரையாளர் ஃபுகசவா மாகி 'சோஷோகு தான்ஷி', அதாவது தாவர உண்ணி ஆண் என்ற சொல்லை உருவாக்கினார். பெண்களைத் துரத்தாத, பக்கத்தில் நிம்மதியாக இருக்கக்கூடிய இளைஞர்களை அவர் ஓரளவு பாராட்டியே எழுதினார். 2009-க்குள் ஊடகங்கள் அதை வசவாக மாற்றிவிட்டன. பிள்ளை பிறக்காததற்கும் கார் விற்காததற்கும் அவர்களே காரணமாம்.

இந்த இடத்தில் மருத்துவக் காப்பீடு தன் நாடாவோடு வந்தது. 2008 ஏப்ரல் முதல், 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இடுப்பளவுப் பரிசோதனை. சட்டையைத் தூக்கி, தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளப்பார்கள். வயிற்றை எக்கினால் செவிலியர் பொறுமையாக 'மூச்சை விடுங்கள்' என்பார். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90. உலகத்தில் பொதுவாக ஆணுக்குத்தான் கூடுதலாக இடம் விடுவார்கள், இங்கே தலைகீழ். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுவது எந்த அளவில் என்று பார்த்து வைத்த எண்கள் இவை. குண்டாக இருந்தால் ஜப்பானில் அபராதம் என்று வெளிநாடுகளில் ஒரு கதை உலவுகிறது, அது பொய். தனி ஆளுக்கு ஆலோசனைதான், பணக் கணக்கெல்லாம் காப்பீட்டு அமைப்புகளோடு. ஆனால் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்ற மருத்துவப் பெயரைச் சுருக்கிய 'மெட்டாபோ' என்ற சொல் மருத்துவமனையை விட்டு வெளியேறி, தொப்பை உள்ள எந்த மாமாவையும் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது.

இளைஞர்களுக்கோ எண்ணே இல்லாத ஓர் அளவு. 'செய்கெட்சுகன்'. சுத்தமாக இருப்பது வேறு, இது வேறு. பார்க்கிறவருக்குச் சுத்தமாக இருக்கிற உணர்வு வர வேண்டும். துணை தேடும் பெண்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் திரும்பத் திரும்ப வரும் பதில் இதுதான். தினம் இரண்டு முறை குளித்தாலும் இது இல்லாமல் போகலாம். அதனால் தாடி முளைக்கும் இடத்தையே லேசரால் ஒழித்துவிடுகிறார்கள். ரயில் பெட்டிகளில் ஆண்களுக்கான முடி நீக்கும் நிலைய விளம்பரங்கள். தசையிலும் 'ஹோசோமாச்சோ' வேண்டும், மெலிந்தும் முறுக்கேறியும். அதைத் தாண்டினால் கொரில்லா என்று பெயர்.

மீசையை ஆண்மையின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆனால் ஜப்பானிலேயே தாடி ஒரு காலத்தில் மெய்ஜி மந்திரிகளின் மதிப்பு. இன்று அது வாடிக்கையாளருக்கு அருவருப்பு. குன்மா மாநிலத்து இசேசாகி நகராட்சி 2010-ல் ஊழியர்களுக்குத் தாடி மீசையைத் தடை செய்தது. ஓசகாவில் சுரங்க ரயில் ஓட்டுநர்கள் இருவர், தாடி வைத்ததற்காக மதிப்பீட்டில் மதிப்பெண் குறைத்தார்கள் என்று வழக்குப் போட்டு 2019-ல் வென்றார்கள். நகராட்சி கொடுக்க வேண்டியிருந்தது மொத்தம் 4,40,000 யென். வழக்குப் போட்டுக் காப்பாற்ற வேண்டிய பொருளாகிவிட்டது தாடி.

தலையும் இப்படித்தான் திரும்பிக்கொண்டது. 'எதோ' காலத்தில் சிரைத்த தலை பெரியவன், முடி வைத்த தலை பையன். நவீன ஜப்பானில் மொட்டைக்கு வெட்டிய தலை பள்ளிப் பையனுக்கு, குறிப்பாகப் பேஸ்பால் விளையாடுகிறவனுக்கு. உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் கூட்டமைப்பின் கணக்குப்படி 2018-ல் 76.8 சதவீதப் பள்ளி அணிகள் மொட்டைதான் என்றன. 2023-ல் அது 26.4 ஆகச் சரிந்தது. அந்த ஆகஸ்டில் கோஷியென் போட்டியில், காற்றில் முடி பறக்க ஆடிய கெய்யோ பள்ளி 107 வருடத்துக்குப் பிறகு கோப்பையை வென்றது. சேருவதற்குப் பையன்கள் குறைந்துகொண்டே போகையில் மொட்டையைக் கட்டாயமாக்கி இருப்பவர்களையும் விரட்ட எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்?

சுமோவிலும் அதே கதை. 1990-ல் மைனோஉமி என்ற இளைஞர் குறைந்தபட்ச உயரமான 173 சென்டிமீட்டரை எட்டாததால் திருப்பி அனுப்பப்பட்டார். மண்டையோட்டுக்கும் தோலுக்கும் நடுவில் சிலிக்கோன் ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து கோலின் கீழ் நின்றார், தேறினார். பின்னாளில் தந்திரங்களின் அங்காடி என்று பெயர் வாங்கி, கொமுசுபி பட்டம் வரை போனார். சங்கம் 2012-ல் அளவைத் தளர்த்தியது. 2023-ல் உயரம், எடைத் தடையைக் கிட்டத்தட்ட எடுத்தே விட்டது. புதிதாகச் சேர ஆட்கள் இல்லை. அவர் தலைக்குள் ஏற்றியது இன்று தேவைப்பட்டிருக்காது.

உயரம் அங்கே போனாலும் வெளியே போகவில்லை. 1900-ல் பதினேழு வயதுப் பையனின் சராசரி உயரம் 158 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில். இன்று 170-க்குச் சற்று மேல், தொண்ணூறுகளிலிருந்து அப்படியே நிற்கிறது. அதாவது 170 என்று கோடு போட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் கீழே விழுவார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு தொழில்முறை வீடியோ கேம் ஆட்டக்காரர், 170-க்குக் குறைந்த ஆண்களுக்கு மனித உரிமையே இல்லை என்று நேரலையில் சொல்லி வைத்தார். விளையாட்டு வட்டத்தின் கொச்சைப் பேச்சுதான். இரண்டே நாளில் அணி அவரை நீக்கியது. நாடே அவ்வளவு கொதித்ததற்குக் காரணம், அவர் சொன்னது பலர் மனசுக்குள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கோடு.

சமீப வருடங்களில் முடி நீக்கும் நிலையங்களுக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள். 'கைகோ தத்சுமோ' என்று அதற்குப் பெயர், பராமரிப்புக்கான முடி நீக்கம். வயதாகிப் படுக்கையில் விழுந்தால், தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்யப்போகிறவருக்கு வேலை எளிதாக இருக்கட்டும் என்று இடுப்புக்குக் கீழே உள்ள முடியை இப்போதே எடுத்துக்கொள்கிறார்கள். லேசர் கறுப்பு முடியில்தான் வேலை செய்யும், நரைத்த முடியில் பிடிக்காது. அதனால் சீக்கிரமே வந்துவிடுங்கள் என்று நிலையங்கள் சொல்கின்றன.